நாப்கினுக்குள் என்ன இருக்கிறது? துணிக்கும் கப்புக்கும் மாறுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2022 நவம்பரில், டெல்லியில் இயங்கும் டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியக் கடைகளில் கிடைக்கும் 10 நாப்கின்களை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஆறு வழக்கமான வகை, நான்கு ‘ஆர்கானிக்’ என்று சொல்லி விற்கப்படுபவை. பத்திலும், பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கச் சேர்க்கப்படும் தாலேட் எனப்படும் வேதிப்பொருட்கள் இருந்தன. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் இருந்தன. அடுத்த நாளே ‘நாப்கினால் புற்றுநோய், மலட்டுத்தன்மை’ என்று தலைப்புகள் வந்தன. இன்றுவரை அவை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பல நேரம் அந்தச் செய்தியின் வாலில் ஒரு மூலிகை நாப்கின் விளம்பரமும் தொங்கும்.

பயமுறுத்தி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘எல்லாம் பாதுகாப்பானதுதான், கேள்வி கேட்காதே’ என்பதையும் ஏற்க முடியவில்லை. 12 வயதில் தொடங்கி 50 வயதுவரை, மாதம் ஐந்து நாள் என்று வைத்தாலே, ஆறு ஆண்டுகளுக்கு மேல் உடலோடு ஒட்டியிருக்கும் பொருள் இது. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அந்த அளவுக்கு என்ன அர்த்தம் என்று நிதானமாகக் கேட்கும் உரிமை பயன்படுத்துகிறவளுக்கு இருக்கிறது.

முதலில் ஒரு நாப்கினைப் பிரித்துப் பார்ப்போம். தோலில் படும் மேல் விரிப்பு சிலவற்றில் துணி மாதிரி இருக்கும் பாலிபுரொப்பிலீன். சிலவற்றில் பொடித் துளைகள் போட்ட பாலித்தீன் தாள். உள்ளே பஞ்சு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மரக்கூழ். அதோடு சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி கலந்திருக்கும். ஈரம் பட்டதும் ஜவ்வரிசி ஊறுவதுபோல் ஊதி ஜெல்லாகி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். தடியாக இருந்த நாப்கின் மெலிந்துபோனதற்கு இந்தப் பொடிதான் காரணம். அடியில் கசியாத பிளாஸ்டிக் தாள். இவற்றைச் சேர்த்துப் பிடிக்கவும் உள்ளாடையில் ஒட்டவும் பசை. சிலவற்றில் வாசனை, சிலவற்றில் சாயம்.

ஜெல்தான் விஷம் என்று பலரும் சொல்கிறார்கள். அது தவறு. பாலிஅக்ரிலேட்டின் மூலக்கூறு மிகப் பெரியது, தோலைத் தாண்டி உள்ளே போகாது. வெண்மையாக்கக் குளோரின் போடுவதால் டயாக்சின் என்ற கொடிய நச்சு வருகிறது என்பது இன்னொரு பயம். குளோரின் வாயுவைக் கொண்டு கூழை வெளுத்த காலத்தில் அதற்கு அடிப்படை இருந்தது. பிறகு அந்த முறை கைவிடப்பட்டு, டயாக்சின் மிகக் குறைவாக உருவாகும் முறைகள் வந்துவிட்டன. நம் உடலில் சேரும் டயாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாக வருவதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உண்மையில் பார்க்க வேண்டிய இடங்கள் பசை, வாசனை, பிளாஸ்டிக் மூன்றும்தான். தாலேட்டும் ஆவியாகும் சேர்மங்களும் அவற்றின் வழியாகத்தான் வர வாய்ப்பு அதிகம்.

எண்ணைப் படிக்கும் விதம்

டெல்லி அறிக்கையின்படி, நாப்கின்களில் இருந்த தாலேட்டின் மொத்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் முதல் 19,600 மைக்ரோகிராம் வரை. 19,600 என்று பார்த்தவுடன் நெஞ்சு பதறும். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆக அது கிலோவுக்கு சுமார் 20 மில்லிகிராம். ஒரு நாப்கின் 10 கிராம் எடை என்று வைத்தால், மிக மோசமான மாதிரியில்கூட ஒரு நாப்கினுக்கு 0.2 மில்லிகிராம்தான். குழந்தைகளின் பிளாஸ்டிக் பொம்மைகளில் குறிப்பிட்ட சில தாலேட்டுகள் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அது கிலோவுக்கு 1,000 மில்லிகிராம். அந்த வரம்போடு ஒப்பிட்டால் நாப்கினில் இருந்தது ஐம்பதில் ஒரு பங்கு.

அப்படியென்றால் கவலையே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பொம்மைக்கான வரம்பு பொம்மையை மனதில் வைத்துப் போட்டது. பிறப்புறுப்பின் வெளிப்புறத் தோல் கை கால் தோலைவிட மெல்லியது. உட்புறச் சவ்வு இன்னும் எளிதில் உறிஞ்சும். சில ஹார்மோன் மருந்துகளைப் பிறப்புறுப்பு வழியாக வைப்பதே, அங்கிருந்து கல்லீரலைச் சுற்றாமல் நேராக ரத்தத்தில் சேரும் என்பதால்தான். மாதவிடாய் நேரத்தில் அந்த இடம் மணிக்கணக்கில் ஈரமாக, சூடாக, மூடிக் கிடக்கிறது. தாலேட் உடலில் நெடுநாள் தங்குவதில்லை, ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். ஆனால் உணவுப் பொட்டலம், வாசனைத் திரவியம், நகப்பூச்சு என்று பல வழிகளில் அது தினமும் திரும்ப வந்து சேர்கிறது. ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் குணம் சில தாலேட்டுகளுக்கு உண்டு என்பதால், இருக்கிற பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பானேன் என்ற கேள்வி நியாயமானதுதான்.

டெல்லி ஆய்வு அளந்தது நாப்கினுக்குள் இருப்பதை. அதிலிருந்து உடலுக்குள் எவ்வளவு போகிறது என்பதை அது அளக்கவில்லை. இந்த ஒரு வரியைத்தான் தலைப்பு எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். நாப்கின் போட்டால் புற்றுநோய் வரும் என்று சொல்ல இந்த எண்கள் போதாது. வரம்பு வையுங்கள், தேவையில்லாததை எடுங்கள் என்று தயாரிப்பாளர்களிடம் கேட்க இவை தாராளமாகப் போதும். பிரான்ஸின் உணவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஆன்சஸ் 2018-ல் வந்து சேர்ந்த முடிவும் ஏறத்தாழ இதுதான்: வேதிப்பொருட்களால் கண்டறியப்பட்ட ஆபத்து என்று ஒன்றும் இல்லை, ஆனாலும் அவற்றை நீக்கவோ முடிந்தவரை குறைக்கவோ வேண்டும்.

‘ஆர்கானிக்’ என்ற முத்திரை காப்பாற்றுமா என்பதற்கு 2024-ல் வந்த ஓர் ஆய்வு நல்ல பதில் தருகிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்னி ஷியர்ஸ்டன் குழுவினர் 14 பிராண்டுகளின் 30 டாம்பன்களில் (பிறப்புறுப்புக்குள் வைக்கும் பஞ்சு உருளைகள்) 16 உலோகங்களைத் தேடினார்கள். எல்லாவற்றிலும் ஈயம் இருந்தது. ஆர்கானிக் டாம்பன்களில் ஈயம் குறைவாக இருந்தது, ஆர்செனிக் அதிகமாக இருந்தது. பருத்திச் செடி மண்ணிலும் நீரிலும் இருக்கும் உலோகத்தையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. பூச்சிமருந்து அடிக்காததால் அது மாறிவிடாது. டாம்பன் உடலுக்குள் இருக்கும்போது அந்த உலோகம் கசிகிறதா என்பது தனிக் கேள்வி. அந்த ஆய்வு அதற்குள் போகவில்லை.

கொரியாவில் நடந்தது

இந்தப் பிரச்சினை ஒரு நாட்டையே உலுக்கியது தென்கொரியாவில்தான். 2017-ல் அங்கே ஒரு பெண்கள் சுற்றுச்சூழல் அமைப்பு, காங்வான் தேசியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நாப்கின்களைப் பரிசோதித்தது. ஆவியாகும் சேர்மங்கள் இருப்பது தெரிந்தது. அதையடுத்து லிலியன் என்ற பிராண்டைப் பயன்படுத்திய ஆயிரக்கணக்கான பெண்கள், தங்களுக்கு ரத்தப்போக்கு குறைந்தது, சுழற்சி தப்பியது என்று சொல்ல முன்வந்தார்கள். நிறுவனம் விற்பனையை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசின் உணவு, மருந்துப் பாதுகாப்பு அமைச்சகம், இந்த அளவு உடலுக்குத் தீங்கு செய்யாது என்று அறிவித்தது. பெண்கள் அமைதியாகவில்லை. வேதிப்பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டுத் தீங்கில்லை என்கிறீர்களே, எங்கள் உடலில் நடந்ததற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் விளைவாக இரண்டு காரியங்கள் நடந்தன. 2018 அக்டோபர் முதல் நாப்கினின் உட்பொருட்கள் முழுவதையும் உறையில் அச்சிட வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. பெண்களின் உடல்நிலை பற்றி அரசே ஆய்வு நடத்தியது. 2022-ல் வெளியான அதன் முடிவு, நாப்கின் பயன்பாட்டுக்கும் மாதவிடாய்த் தொந்தரவுகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றது. புகார் சொன்ன பெண்களுக்கு வெறும் பதற்றம் என்று 2017-லேயே விவகாரத்தை முடித்திருந்தால் இந்த இரண்டும் நடந்திருக்காது.

உட்பொருள் அறிவிப்பு விஷயத்தில் வேறு சில இடங்களும் நகர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-ல் சட்டம் போட்டது. பிரான்ஸில் 2024 ஏப்ரலில் அந்தக் கட்டாயம் வந்தது. இந்தியாவில் நாப்கினுக்கு ஐ.எஸ். 5405 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. 2019-ல் அது திருத்தப்பட்டது. உறிஞ்சும் திறன், கிருமி எண்ணிக்கை, அமிலத்தன்மை போன்றவற்றை அது கவனிக்கிறது. மாதவிடாய்ப் பொருட்களில் வேதிப்பொருளுக்குக் கட்டாய வரம்பு இல்லை என்பதே டெல்லி அறிக்கை முன்வைத்த முக்கியக் குறை. நம் ஊரில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் மைதா முதல் சோடா உப்பு வரை எழுதியிருக்கிறது. நாப்கின் உறையில் பூவும் சிறகும்தான் இருக்கின்றன.

மாற்று என்று போகும்போது

மாற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் 1980-ஐ நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆண்டு அமெரிக்காவில் டாம்பன் பயன்படுத்திய இளம்பெண்கள் திடீர்க் காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, தோல் சிவப்பு என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலர் இறந்தார்கள். டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்ற நச்சு அதிர்ச்சி நோய். அதிகம் அடிபட்ட பெயர் ரிலை என்ற டாம்பன். பாலியஸ்டர் நுரைத் துண்டுகளும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோசும் சேர்ந்த, அபாரமாக உறிஞ்சும் பொருள் அது. செப்டம்பரில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அங்கே உயிரைப் பறித்தது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வெளியிட்ட நச்சு. அந்தப் பாக்டீரியா பெருகுவதற்கு இடம் கொடுத்தது டாம்பனின் பொருளும், நெடுநேரம் மாற்றாமல் வைத்திருந்ததும். வேதிப்பொருளுக்குப் பயந்து ஓடும்போது கிருமியை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மறுபயன்பாட்டுப் பொருட்கள் எல்லாவற்றிலும் கவனம் போக வேண்டிய இடம் அதுதான்.

துணியை எடுத்துக்கொள்வோம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் 64 சதவீதம் பேர் நாப்கின் பயன்படுத்துவதாகவும், 50 சதவீதம் பேர் துணி பயன்படுத்துவதாகவும் சொன்னார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பவர்கள் ஏராளம். துணி நமக்குப் புதிதே இல்லை. பாட்டி காலத்துப் பழைய வேட்டி, நூல் சேலைக் கிழிசல்தான். துணி கெட்டதில்லை. அதைத் துவைக்கவும் காயப்போடவும் நாம் இடம் கொடுக்காததுதான் கெட்டது. ஒடிசாவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், துணியைத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்திய பெண்களிடம் பிறப்புறுப்புத் தொற்றின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. அடுத்து 2018-ல் வந்த ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது: வீட்டுக்குள்ளேயே காயப்போடுவதும், கழிவறையில் ஒளித்து வைப்பதும் பூஞ்சைத் தொற்றோடு சேர்ந்தே காணப்பட்டன. கொடியில் மற்ற துணிகளோடு வெயிலில் தொங்கவிட முடியாமல், பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் வழக்கத்தின் விலை இது. மாடி வெயில் எல்லாருக்கும் பொது, அந்தத் துணிக்கு மட்டும் கிடையாது என்றால் என்ன நியாயம்?

ஆக, துணிக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரும் வெயிலும் வீட்டில் கிடைக்குமா என்பதை. கிடைத்தால் துணி அருமையான தேர்வு. சாயம் போகாத பருத்தித் துணி, முடிந்தால் வெளிர் நிறத்தில். முதல் தடவை பயன்படுத்துமுன் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். தறியில் போட்ட கஞ்சியும் உபரிச் சாயமும் போகும், உறிஞ்சும் திறனும் கூடும். பயன்படுத்தியதும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சாதாரண சோப்பு போதும். டெட்டால், பிளீச்சிங் பவுடர், துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் வேண்டாம். வேதிப்பொருளுக்குப் பயந்து துணிக்கு வந்துவிட்டு, அதை நெடியுள்ள திரவத்தில் முக்கி எடுப்பதில் பொருள் இல்லை. நன்றாகக் காய்ந்த பிறகே மடித்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். ஒன்றை ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

தைத்த துணி நாப்கின்கள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. ஆரோவில்லில் 2010-ல் தொடங்கிய ஈகோஃபெம், சுற்றியுள்ள கிராமப் பெண்களைக் கொண்டு தைத்து விற்கிறது. கசியாத வகைகளில் அடியில் ஒரு பாலியூரித்தேன் படலம் இருக்கும். துணி நாப்கின் என்றால் துளி பிளாஸ்டிக் கிடையாது என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் அது தோலில் படாத அடுக்கு. மறுபயன்பாட்டு நாப்கினுக்கும், உறிஞ்சும் அடுக்கு வைத்துத் தைத்த உள்ளாடையான பீரியட் பேண்டிக்கும் ஐ.எஸ். 17514 என்ற இந்தியத் தர நிர்ணயம் 2021-ல் வந்திருக்கிறது. வாங்கும்போது அதைக் கேட்கலாம்.

பீரியட் பேண்டியில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. நீர் ஒட்டாமலும் கறை படாமலும் இருக்கத் துணிகளில் பிஃபாஸ் என்ற ஃபுளூரின் சேர்மங்களைப் பூசுவது உண்டு. இவை இயற்கையில் சிதையாமல் நெடுங்காலம் தங்கும். அமெரிக்காவில் திங்ஸ் என்ற நிறுவனத்தின் பேண்டிகளில் இது இருப்பதாக வழக்கு வந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனாலும் 2023-ல் 50 லட்சம் டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. ‘நாற்றம் வராது’, ‘கிருமியைக் கொல்லும்’, ‘வெள்ளித் துகள் கலந்தது’ என்ற வார்த்தைகள் உறையில் இருந்தால் அதை நான் வாங்க மாட்டேன். பிஃபாஸ் சேர்க்கவில்லை என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்கிறாரா என்று பார்க்கலாம்.

கப் விஷயம் வேறு. பிறப்புறுப்புக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம் அது. மேலே சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில் கப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 0.3 சதவீதம் பேர்தான். ஆனால் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளாவின் 2018 வெள்ளத்தின்போது முகாம்களில் நாப்கினை எங்கே போடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். அடுத்த ஆண்டே மத்திய அரசு நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேர், ‘திங்கள்’ என்ற திட்டத்தில் ஆலப்புழா நகராட்சியில் 5,000 பெண்களுக்குக் கப் கொடுத்தது. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி, நாப்கின் இல்லாத பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. கப்பைக் கையில் கொடுத்ததோடு விடாமல், எப்படி மடிப்பது, எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்ததால்தான் அது நடந்தது.

கப் உறிஞ்சுவதில்லை, சேகரிக்கிறது. பெரும்பாலும் மருத்துவத் தரச் சிலிக்கோனால் ஆனது. பசை இல்லை, வாசனை இல்லை. வேதிப்பொருள் கணக்கில் இருப்பவற்றுள் இதுதான் எளிமையானது என்பது என் கணிப்பு. 2019-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த தொகுப்பாய்வு 43 ஆய்வுகளை, 3,319 பேரின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தது. கசிவில் கப் மற்றவற்றுக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தது. முயன்று பார்த்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள். நச்சு அதிர்ச்சி நோய் கப் பயன்படுத்தியவர்களிடமும் மிக அரிதாக வந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு மாதமும் தொடங்குமுன் கப் முழுதும் மூழ்கும்படி தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் கொதிக்கவைப்பதையும், கையைக் கழுவுவதையும், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, போனால் போகிறதென்று 12 மணி நேரத்துக்குள் வெளியே எடுப்பதையும் விட்டுவிடக் கூடாது. இதற்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்குள் வாக்குவாதம் மிச்சம்.

முதல் இரண்டு மூன்று மாதம் தடுமாற்றம் இருக்கும். ரத்தப்போக்கு நன்றாக இருக்கும் நாளில், அவசரம் இல்லாத நேரத்தில் பழகுவது எளிது. எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடிப்பகுதியைக் கிள்ளிக் காற்றை விட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். காப்பர்-டி போட்டவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், இழுத்தால் அதுவும் நகர்ந்து வர வாய்ப்புண்டு. கப் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கருப்பை இறக்கம் உள்ளவர்களும் பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்களும் அப்படியே. திருமணமாகாத பெண்ணுக்கு வேண்டாம் என்று அம்மாக்கள் சொல்வதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கே தயக்கம் இருந்தால், அவள் உடல், அவள் முடிவு, துணியே இருக்கட்டும்.

வாங்கும்போது தயாரிப்பாளரின் முகவரியும் பொருளின் பெயரும் உறையில் இல்லாத கப்பைத் தொடவே வேண்டாம். நல்ல கப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பல ஆண்டுகள் உழைக்கும்.

நாப்கினிலேயே தொடர்கிறவர்கள் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. வேலையிடத்தில் தண்ணீர் இல்லாத பெண்ணிடம் போய்த் துணியின் பெருமை பேசுவது அநியாயம். வாசனை போட்டதை விட்டுவிடுங்கள். தோல் சிவந்தால் துளைத் தாள் வகையிலிருந்து பருத்தி மேல் விரிப்பு உள்ளதற்கு மாறிப் பாருங்கள். நம் வெக்கையில் வரும் தடிப்புக்கும் அரிப்புக்கும் பெரும்பாலும் ஈரமும் உரசலும் காரணம். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றினாலே பாதி தீரும். அப்படியும் அரிப்போ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: கழற்றியதைக் கொளுத்தக் கூடாது. வீட்டுக் கொல்லையிலும் பள்ளிகளின் சின்ன எரிகலன்களிலும் போதிய வெப்பம் கிடைக்காமல் பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்தால், நாப்கினுக்குள் இருப்பதாகச் சொல்லி நாம் பயந்த டயாக்சின் அந்தப் புகையில்தான் கிளம்பும்.

தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களுக்கு அரசு பத்தாண்டுக்கும் மேலாகப் ‘புதுயுகம்’ திட்டத்தில் இலவசமாக நாப்கின் கொடுத்து வருகிறது. பள்ளிக்கூடம் விட்டு நிற்காமல் எத்தனையோ பெண்பிள்ளைகளைக் காத்த திட்டம் அது. இவ்வளவு பெரிய கொள்முதல் செய்கிற அரசு, சட்டத்துக்கோ டெல்லிக்கோ காத்திருக்கத் தேவையில்லை. டெண்டர் நிபந்தனையில் மூன்று வரி சேர்த்தால் போதும்: வாசனை கூடாது, உள்ளே இருப்பவை அனைத்தும் தமிழில் உறைமீது அச்சாக வேண்டும், ஒவ்வொரு தொகுப்புக்கும் தாலேட் பரிசோதனை செய்து முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். விற்க விரும்பும் நிறுவனம் அதைச் செய்துதான் ஆக வேண்டும். ஒரு மாநிலத்துக்காக மாற்றிய உறையைக் கடைக்கு வரும் பாக்கெட்டில் மட்டும் மறைப்பதற்கு அதன்பிறகு காரணம் எதுவும் இருக்காது.